நைட் டூட்டியில 24 பெட், ரெண்டு நர்ஸ்: யாரை மொதல்ல பாக்கறது?

ஈரோடு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில மெடிக்கல் வார்டுல பதினாலு வருசமா இருக்கறேங்க. புதுசா டூட்டிக்கு வர்ற பிள்ளைங்க எல்லாரும் மொத மாசத்துல கேக்கறது ஒரே கேள்விதான், "அக்கா, அஞ்சு பேரு ஒரே நேரத்துல கூப்புடறாங்க, நான் எங்க போறது?" ஏபிசின்னு காலேஜுல படிச்சிருப்பீங்க, ஏர்வே (மூச்சு வழி), ப்ரீதிங் (மூச்சு), சர்குலேஷன்னு (ரத்த ஓட்டம்) பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதியும் இருப்பீங்க, ஆனா வார்டுல யாரும் நெத்தியில ஏபிசின்னு ஒட்டிட்டு படுத்திருக்கறதில்லையே. அங்க ஒருத்தரு ட்ரிப் தீந்துபோச்சுன்னு கத்தறாரு, ஒறம்பரை பத்து பேரு கட்டிலைச் சுத்தி நிக்கறாங்க, போன் அடிக்குது, நம்ம காலு தானா சத்தம் வர்ற பக்கம் போகுது. அந்தக் காலை நிறுத்தப் பழகறதுதான் மொதப் பாடம்.

கத்தறதுக்கு மூச்சு வேணும், தெம்பு வேணும். கத்தறவருக்கு அது ரெண்டும் இருக்குது. நான் பயப்படறது சாயங்காலம் வரைக்கும் லொடலொடன்னு பேசிட்டிருந்து ராத்திரி சத்தமில்லாம ஆனவங்களைப் பாத்துதான். அதனால ஒவ்வொரு பெட்டுகிட்டயும் நான் மனசுல கேக்கற கேள்வி "இவருக்கு எவ்வளவு முடியல"ங்கறது இல்லீங்க, "முன்னாடி இருந்ததுக்கும் இப்ப இருக்கறதுக்கும் என்ன மாறியிருக்குது"ங்கறதுதான்.

ஓவர் (முன்னாடி ஷிஃப்ட்டுகிட்ட பொறுப்பு) எடுக்கறப்பவே பாதி வேலை முடியணும்

எட்டு மணிக்கு டூட்டின்னா ஏழே முக்காலுக்கு வந்துருங்க. டேபிள்ல உக்காந்து கேஸ் ஷீட் பாத்து ஓவர் வாங்காதீங்க, முடிஞ்ச வரைக்கும் கட்டில் கட்டிலா நடந்துட்டே வாங்குங்க. பகல் சிஸ்டருக்கு வீட்டுக்குப் போற அவசரம், பஸ்ஸு போயிரும், அதெல்லாம் சரி, ஆனா இருவது நிமிசம் நடந்தா அடுத்த பன்னெண்டு மணி நேரத்துக்கு ஆகும். நடக்கறப்ப அவங்ககிட்ட மூணு கேளுங்க: இன்னிக்கு யாரு நேத்தைவிட மோசம், எந்த ரிப்போர்ட் இன்னும் வரணும், ஒங்களுக்கு யாரைப் பாத்தா மனசுக்கு சரியாப் படல. மூணாவது கேள்விதான் நெம்ப முக்கியம். பெரும்பாலும் பதில் "சும்மாதான், ஆனா அந்த 14 பெட்டை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ"ன்னு வரும். அந்த "மட்டும் கொஞ்சம்"ங்கறதை பேப்பர்ல எழுதி வட்டம் போட்டுக்கங்க.

பேப்பருன்னா ஏ4 ஷீட்டை நாலா மடிச்சு பாக்கெட்டுல வெச்சுக்கறதுதான். பெட் நம்பர், என்ன சீக்கு, கடைசி வைட்டல்ஸ் (நாடி, பிபி, மூச்சு, காய்ச்சல் அளவு), எந்த மணிக்கு என்ன மருந்து. ஆக்ஸிஜன் போகுறவங்க, ரத்தம் ஏறுறவங்க, இன்சுலின் போட்டவங்க, இன்னிக்கு ஆப்பரேஷன் ஆனவங்க, பாம்புக்கடி, பூச்சி மருந்து குடிச்சவங்க, இவங்களுக்கெல்லாம் சிவப்புப் பேனா. கைல எழுதற பழக்கம் இருந்தா விட்ருங்க, ரெண்டு தடவை சானிடைசர் போட்டா பெட் நம்பரு அழிஞ்சுபோகும்.

நடந்துட்டே போறப்ப ஒவ்வொருத்தரையும் பத்து செகண்டு பாருங்க. பேரு சொல்லிக் கூப்புடுங்க, முழு வாக்கியமா பதில் சொல்றாரான்னு கேளுங்க, கையைத் தொட்டுப் பாருங்க சூடா இருக்குதா சில்லுன்னு வேர்த்திருக்குதான்னு, மூச்சுக்கு தோளும் கழுத்தும் சேந்து வேலை செய்யுதான்னு பாருங்க, யூரின் பேக்குல எவ்வளவு இருக்குதுன்னு ஒரு பார்வை. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வரணும். நாலு மணி நேரமா பேக் 50 மில்லியிலயே நின்னா, மொதல்ல ட்யூப் மடங்கியிருக்குதான்னு பாத்துட்டு, அப்புறம் பயப்படுங்க.

மூச்சை எண்ணுங்க சாமி

இதைச் சொல்றப்ப எனக்கே கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்குது. வேலைக்குச் சேந்த மொத வருசம், வேற ஒரு ஆஸ்பத்திரி. எந்த வார்டு சார்ட்டை எடுத்தாலும் ஆர்ஆர் (ஒரு நிமிசத்துக்கு எத்தனை மூச்சு) கட்டத்துல 20, 20, 20ன்னு வரிசையா இருக்கும். நானும் அப்படியேதான் எழுதினேன், யாரும் ஒண்ணும் சொல்லல. நிமோனியாவுல வந்த ஒரு அப்பத்தா, ரெண்டு நாளா நல்லாத்தான் இருந்தாங்க, ராத்திரி பத்து மணிக்கு சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு) 95, பிபி நார்மல், ஆர்ஆர் 20ன்னு எழுதிட்டு நகந்துட்டேன். அந்த அம்மா "கண்ணு, ஒரு மாதிரியா இருக்குது"ன்னு மட்டும் சொன்னாங்க, நான் "தூங்குங்க அப்பத்தா சரியாயிரும்"ன்னேன். ரெண்டரை மணிக்குப் போய்ப் பாத்தா உக்காந்து கட்டில் கம்பியைப் புடிச்சுட்டு மூச்சு வாங்கறாங்க, எண்ணினா 38. ஐசியூ போயி பொழச்சு வந்தாங்க, அது என்ற புண்ணியம் இல்ல. பத்து மணிக்கே நான் எண்ணியிருந்தா 26, 28 இருந்திருக்கும்னு இன்னைக்கும் தோணும்.

ஒடம்பு கெடறப்ப பெரும்பாலும் மொதல்ல மாறறது மூச்சோட வேகம், பிபி கடைசி வரைக்கும் இழுத்துப் புடிச்சு நிக்கும். பிபி விழுற வரைக்கும் காத்திருந்தா ஏற்கனவே லேட்டு. அதனால 30 செகண்டு எண்ணி ரெண்டால பெருக்கற வேலை வேண்டாம், முழுசா ஒரு நிமிசம் எண்ணுங்க, எண்ணறேன்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க, நாடி பாக்கற மாதிரி கையைப் புடிச்சுட்டே நெஞ்சைப் பாத்து எண்ணுங்க. சொன்னா மூச்சை மாத்திருவாங்க.

ஒரு ராத்திரி, அஞ்சு வேலை

இதை ஒரு உதாரணமா போட்டுப் பாக்கலாம். மணி எட்டேகால். 3-ம் பெட்டுல ட்ரிப் தீந்துபோச்சு, பையன் வாசல்ல நின்னு "ஏனுங் சிஸ்டர், ரத்தம் மேல ஏறுது, ஒருத்தரும் வர மாட்டீங்கறீங்க"ன்னு சத்தம் போடறாரு. 7-ம் பெட்டு குடலிறக்க ஆப்பரேஷன், இன்னிக்குத்தான் ஆச்சு, வலி தாங்கல, ஊசி கேக்கறாரு. 11-ம் பெட்டு சுகர் பேஷண்ட், ஏழரைக்கு இன்சுலின் போட்டாச்சு, பையன் சாப்பாடு வாங்கப் போனவரு இன்னும் வரல, அவரு பேசாம செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருக்காரு. 14-ம் பெட்டு கால் புண்ணு, தறி ஓட்டறவரு, சம்சாரம் "தூக்கத்துல உளர்றாருங்க, பாவு யாரு போட்டது, தறி ஏன் நின்னுச்சுங்கறாரு"ன்னு சிரிச்சுட்டே சொல்றாங்க. 19-ம் பெட்டுக்கு காப்பீட்டு பேப்பருல கையெழுத்து வேணும், மூணு தடவை வந்துட்டாங்க.

சத்தத்தை வெச்சு வரிசை போட்டா 3, 19, 7, அப்புறம் 14, கடைசியா 11. பாக்க வேண்டிய வரிசைக்கு இது கிட்டத்தட்ட தலைகீழா இருக்குது பாருங்க.

11-ம் பெட்டு: இன்சுலின் உள்ள, சோறு உள்ள இல்ல, பேச்சில்ல. தொட்டா மேலு நனஞ்சிருக்குது. சிபிஜி (விரல் நுனியில குத்திப் பாக்கற சுகர்) பாக்க ஒரு நிமிசம், 52 வருது. 70-க்குக் கீழன்னாலே லோ சுகர். முழிச்சிருக்காரு, முழுங்கறாருன்னா மூணு டீஸ்பூன் அஸ்காவை (சர்க்கரை) தண்ணியில கரைச்சுக் குடுங்க, 15 நிமிசம் கழிச்சு திரும்ப சிபிஜி, ஏறலைன்னா திரும்ப அதே அளவு, ஏறினதும் சோறு. மயக்கமா இருந்தா வாயில ஒரு சொட்டும் ஊத்தக்கூடாது, லைனுல டெக்ஸ்ட்ரோஸ்ங்கற சுகர் ட்ரிப்தான், டாக்டரைக் கூப்புடுங்க. பீட்டா ப்ளாக்கர் (பிபிக்கும் இருதயத்துக்கும் குடுக்கற) மாத்திரை போடறவங்களுக்கு சுகர் எறங்கினா படபடப்பு தெரியாமப் போகலாம், வேர்வை மட்டும் தெரியும், அதனால தொட்டுப் பாக்காம விட்டா கண்டுபுடிக்க முடியாது.

14-ம் பெட்டு: தூக்கத்துல உளர்றவரைத் தட்டினா முழிச்சு சரியாப் பேசணும். இவரு முழிச்சுட்டும் எந்த ஊருல இருக்கறோம்னு தெரியாமப் பேசறாரு, மத்தியானம் தெளிவா இருந்தவரு. புதுசா வந்த கொழப்பம்னா அது மூளைக்கு ஆக்ஸிஜனோ ரத்தமோ சுகரோ சரியாப் போகலைன்னு எடுத்துக்கணும், வயசாச்சு உளர்றாருன்னு விடக்கூடாது. வைட்டல்ஸ் எடுத்தா மூச்சு 26, சாச்சுரேஷன் ஆக்ஸிஜன் இல்லாம 94, நாடி 112, பிபி 104/62, காய்ச்சல் 38.2, அதாவது நம்ம கணக்குல 100.8. சிபிஜி 180. தனித்தனியா பாத்தா ஒண்ணும் பெருசாத் தெரியாது, 104 நல்ல பிபிதானேன்னு தோணும். ஆனா நாலு மணிக்கு அவருக்கு 146/88. நாலு மணி நேரத்துல நாப்பது எறங்கியிருக்குது.

இங்கதான் ஸ்கோர் ஒதவும். இங்கிலாந்துல ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல நியூஸ்னு, ஒடம்பு கெடறதை முன்கூட்டியே காட்டற ஒரு ஸ்கோர் கொண்டுவந்து 2017-ல நியூஸ் 2ன்னு திருத்துனாங்க. மூச்சு 25-ம் அதுக்கு மேலயும் இருந்தா 3, சாச்சுரேஷன் 94-95 வந்தா 1, மேல் பிபி 101-ல இருந்து 110 வரைக்கும் 1, நாடி 111-ல இருந்து 130 வரைக்கும் 2, புதுக் கொழப்பம் 3, காய்ச்சல் 38.1-ல இருந்து 39 வரைக்கும் 1. கூட்டினா 11. அஞ்சு வந்தாலே டாக்டரை அவசரமாக் கூப்புடணும், ஏழும் அதுக்கு மேலயும்னா எமர்ஜென்சி, ஒரே ஒண்ணுல மட்டும் 3 வந்தாலும் டாக்டரு வந்து பாக்கணும். "சும்மா உளர்றாரு"ன்னு சொன்னவருக்கு 11. கால் புண்ணுல இருந்து ரத்தத்துல கிருமி ஏறியிருக்குது, செப்சிஸ்.

பழைய சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) ஆளுங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வருசக்கணக்கா பீடி குடிச்சவங்களுக்கு நெஞ்சு போயிருக்கும், அவங்கள்ல கார்பன் டை ஆக்சைடு தேங்கற ஆளுங்கன்னு டாக்டர் எழுதி வெச்சிருந்தா சாச்சுரேஷன் 88-ல இருந்து 92 வரைக்கும் இருந்தாப் போதும், அதுக்குத் தனி அளவுகோல் இருக்குது. 90 இருக்குதேன்னு பதறிப்போய் ஆக்ஸிஜனை முழுசாத் தொறந்து விட்டா தூங்கித் தூங்கி மூச்சு நின்னுபோகலாம்.

சரி, 11-ஆ 14-ஆ எது மொதல்ல? ரெண்டு நர்ஸ் இருக்கறோம், ஆளுக்கு ஒண்ணு. நான் ஒருத்திதான் இருந்தேன்னா 11-க்கு அஸ்காத் தண்ணியைக் கையில குடுத்துட்டு ஓடிருவேன், அது ரெண்டு நிமிச வேலை, செய்யலைன்னா அரை மணி நேரத்துல ஃபிட்ஸ் வரலாம். 14 ஒரு மணி நேர வேலை, அங்க போனா நடுவுல 11-க்குத் திரும்ப வர முடியாது. சின்ன வேலை உயிரைக் காப்பாத்துமுன்னா அதை முடிச்சுட்டு பெரிய வேலைக்குப் போங்க, ஆனா சின்ன வேலைன்னு 19-ம் பெட்டு கையெழுத்தை அந்தக் கணக்குல சேக்காதீங்க, அது யாரு உயிரையும் காப்பாத்தப் போறதில்ல. 14-க்கு முன்னாடி மூச்சு திணறி நீலம் பூத்த ஒருத்தரு இருந்தா கணக்கே வேற, ஏர்வேதான் எல்லாத்துக்கும் மொதல்.

3-ம் பெட்டுக்குப் போற வழியிலயே ட்ரிப் ட்யூப்புல இருக்கற ரோலரை மூடிட்டுப் போயிரலாம், அஞ்சு செகண்டு. 7-ம் பெட்டை அலட்சியமா விடாதீங்க, ஆப்பரேஷன் ஆன அன்னிக்கு வலி கூடுதுன்னா சும்மா ஊசி போட்டு அடக்கறதுக்கு முன்னாடி வவுறு கல்லு மாதிரி இருக்குதா, கட்டு நனஞ்சிருக்குதா, நாடி ஏறியிருக்குதான்னு பாக்கணும். சரியா இருந்தா மூணாவதா அவருக்கு ஊசி. வலியோட ஒருத்தரை அரை மணிக்கு மேல காக்க வெக்கறது எனக்குப் பிடிக்காது.

டாக்டரை எழுப்பறது எப்படி

"சார், 14 பெட் ஒரு மாதிரி இருக்காருங்க சார்"ன்னு போன் பண்ணினா "சரி சிஸ்டர் பாக்கறேன்"னு வரும், அவ்வளவுதான். அமெரிக்க கடற்படையில நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த எஸ்பார்னு ஒரு முறை இருக்குது: என்ன நடக்குது, பின்னணி என்ன, நான் என்ன நெனக்கறேன், எனக்கு என்ன வேணும். நம்ம பேச்சுல சொன்னா இப்படி இருக்கும்:

"சார், ஆண்கள் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசறேனுங்க. 14-ம் பெட்டு, இப்பத்தான் கொழப்பம் ஆரம்பிச்சிருக்குது, மூச்சு 26, நாடி 112, பிபி 104/62, நாலு மணிக்கு 146 இருந்துச்சுங்க. சுகர் காலு புண்ணு, மூணு நாளா ஆன்டிபயாட்டிக் போகுது. சிபிஜி 180. எனக்கு செப்சிஸ் மாதிரி தோணுதுங்க சார், நியூஸ் 11. ஆக்ஸிஜனுக்கு ரெடியா வெச்சிருக்கேன், லைன் ஓடுது, கல்ச்சர் பாட்டில் (ரத்தத்துல கிருமி பாக்கறதுக்கு) எடுத்து வெச்சிருக்கேன். நீங்க இப்ப வந்து பாக்கணுங்க, வர்ற வரைக்கும் சலைன் ஓட்டலாமுங்களா?"

"எனக்குத் தோணுது"ன்னு சொல்றதுக்கு நெம்ப பேரு பயப்படறாங்க, டாக்டரு கோச்சுக்குவாருன்னு. தப்பா இருந்தா திட்டு வாங்கிட்டுப் போயிரலாம். போன் வெச்ச நேரத்தை எழுதுங்க. பத்து நிமிசத்துல வரலைன்னா திரும்ப போன், அப்புறம் இன்சார்ஜ், அப்புறம் ஐசியூ டாக்டர். மரியாதை கொறையாம, ஆனா விடாம.

நம்மூரு கேசுங்க

புக்குல வர்றதைவிட இங்க அதிகமா வர்றது சிலது இருக்குதுங்க. "வாய்வுங்க, நெஞ்சு கரிக்குது, சோடா குடிச்சேன் அடங்கல"ன்னு வர்றவரு. வேர்வை இருந்தா, நாப்பதுக்கு மேலன்னா, சுகர் இருந்தா, அவரு வாய்வுன்னு சொன்னாலும் வந்த பத்து நிமிசத்துல ஈசிஜி எடுத்து டாக்டரு கையில குடுத்துருங்க. பொம்பளைங்களுக்கும் சுகர்காரங்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாம வெறும் மூச்சு முட்டலும் அசதியுமா வரலாம்.

பூச்சி மருந்து குடிச்சு வர்றவங்களுக்கு, காரணம் கேக்கறதெல்லாம் அப்புறம். ஒருச்சாய்ச்சுப் படுக்க வெச்சு வாயை சக்‌ஷன் பண்ணுங்க, க்ளவுஸ் போட்டு துணியை மாத்தி மேலைக் கழுவுங்க, அந்தத் துணி நம்ம மேல பட்டாலும் வெஷம்தான். அட்ரோபின் (பூச்சி மருந்துக்கு மாத்து மருந்து) போகுறப்ப கண்ணு பாப்பா பெருசாச்சான்னு மட்டும் பாத்துட்டு நிக்காதீங்க, நெஞ்சுல கொழகொழன்னு சத்தம் அடங்குதா, நாடி 80-க்கு மேல வந்துச்சாங்கறதுதான் கணக்கு.

அப்புறம் பாம்பு. மழைக் காலத்துல ஒரு நா காத்தால அஞ்சு மணிக்கு பதினஞ்சு வயசுப் பையன், தோட்டத்து சாளையில தரையில படுத்துத் தூங்கினவன், வவுத்து வலி, ரெண்டு வாந்தி. கேஸ் ஷீட்டுல கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது வவுத்துப் புண்ணு. ஊசி போட்டு வார்டுக்கு அனுப்பிட்டாங்க. டூட்டி முடியற நேரம், ஏழு மணிக்கு, "தூக்கமா வருதுங்க்கா"ன்னான். ராத்திரி முழிச்ச பையன் தூங்கட்டும்னு எவளும் விட்ருவா. நான் பாத்தப்ப கண்ணு ரெப்பை ரெண்டும் பாதி மூடியிருக்குது, ஆனா பேச்சு தெளிவா இருக்குது, அது இடிச்சுது. "நேரா மேல பாரு சாமி"ன்னேன், ரெப்பை ஏறல. தலையைத் தூக்கச் சொன்னா தூக்க முடியல. ஒரே மூச்சுல எண்ணச் சொன்னேன், 11-லயே நின்னுபோச்சு. கட்டுவிரியன். கடிச்ச தடம் தேடினா தெரியாது, வீக்கம் இருக்காது, ரத்தம் உறையற டெஸ்ட்டும் நார்மலா வரும், அதை நம்பி ஏமாறக்கூடாது. ஆம்பு பேக்கை (கையால அமுக்கி மூச்சு குடுக்கற பை) தலைமாட்டுல வெச்சுட்டுத்தான் டாக்டரைக் கூப்புட்டேன். அஞ்சு நாள் வென்டிலேட்டருல இருந்து எந்திரிச்சுப் போனான்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியனுக்கு அந்த உறையற டெஸ்ட்தான் உசுரு. புதுசா எடுத்த 2 மில்லி ரத்தம், காஞ்ச சுத்தமான கண்ணாடி ட்யூப், 20 நிமிசம் ஆட்டாம வெச்சு அப்புறம் உறைஞ்சிருக்குதான்னு சாய்ச்சுப் பாக்கணும். பிளாஸ்டிக் ட்யூப் ஆகாது, சோப்புல கழுவின ட்யூப்பும் ஆகாது. காலுல துண்டை இறுக்கக் கட்டிட்டு வந்திருந்தா டக்குன்னு அவுக்காதீங்க, லைன் போட்டு, விஷமுறிவு மருந்து ரெடியாகி, டாக்டரு பக்கத்துல நிக்கறப்ப மெதுவா அவுக்கணும்.

காத்திருக்கச் சொல்றது

இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. நம்ம ஊரு ஆளுங்களுக்கு மரியாதையா ஒரு வார்த்தை சொன்னா அரை மணி நேரம் நிப்பாங்க, மூஞ்சியைத் திருப்பிட்டுப் போனா அஞ்சு நிமிசத்துல சண்டை. "அண்ணா, ட்ரிப்பை மூடிட்டேனுங்க, ரத்தம் ஏறாது, அக்கட்டால ஒருத்தருக்கு மூச்சு சரியில்லைங்க, எட்டே முக்காலுக்குள்ள வந்து மாத்தறேன், அதுக்குள்ள கை வீங்கினா என்னைய மட்டும் வெசையாக் கூப்புடுங்க." நேரம் சொன்னா அந்த நேரத்துக்குப் போயிரணும், முடியலைன்னா அட்டெண்டரையாவது அனுப்பிச் சொல்லுங்க. அட்டெண்டர்கிட்ட தண்ணி குடுக்கறது, பெட் மாத்தறது, லேபுக்கு ஓடறது எல்லாம் சொல்லலாம், "அந்த ஆளு எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வா"ன்னு மட்டும் சொல்லக்கூடாது, அது நம்ம கண்ணு செய்ய வேண்டிய வேலை. சொந்தக்காரங்களைத் தொரத்திட்டே இருக்காதீங்க. "எங்க ஐயன் இப்படிப் பேச மாட்டாருங்க"ன்னு ஒரு மக சொன்னா அது மானிட்டர் அலாரத்துக்கு சமம்.

திரும்பப் பாக்காத வேலை பாதி வேலை. சுகர் குடுத்தா 15 நிமிசத்துல, வலி ஊசி போட்டா அரை மணியில, சலைன் ஓட்டினா பிபியும் மூச்சும் திரும்ப. கிறிஸ்டின் டானர்ங்கற அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 2006-ல இதை நாலாப் பிரிச்சு எழுதினாங்க: கவனிக்கறது, அர்த்தம் பண்றது, செய்யறது, செஞ்சதைத் திரும்ப யோசிக்கறது. வெளிநாடு போக என்க்ளெக்ஸ் (அமெரிக்க நர்சிங் லைசென்ஸ் பரீட்சை) படிக்கற பிள்ளைங்களுக்கு, 2023 ஏப்ரல்ல இருந்து அந்தப் பரீட்சையிலயும் இந்த மாதிரி கேள்விதான் வருது, மனப்பாடம் ஒதவாது. யோசிக்கறதுக்கு எனக்கு வாகான நேரம் விடியக்காலை நாலு மணி, டீ குடிக்கறப்ப பேப்பரைத் தொறந்து மொதல்ல போட்ட வரிசையையும் நடந்ததையும் ஒத்துப் பாப்பேன், பெரும்பாலும் ரெண்டு மூணு பேரு இடம் மாறியிருப்பாங்க.

காத்தால ஓவர் குடுக்கறப்ப நல்லா இருக்கறவங்களுக்கு ஒரு வரி போதும். 14-ம் பெட்டை ஐசியூவுக்கு மாத்தியாச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிராதீங்க, கல்ச்சர் எத்தனை மணிக்கு எடுத்தோம், ஆன்டிபயாட்டிக் எத்தனை மணிக்குப் போச்சு, சம்சாரத்துக்கு என்ன சொல்லியிருக்கோம்னு சொல்லிட்டு வாங்க. பாக்கெட்டுல இருக்கற பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாம வார்டுலயே கிழிச்சுப் போட்ருங்க, பேஷண்டு பேரெல்லாம் அதுல இருக்கும்.